பிஜித் தீவின் கரும்புக் காணி

(தோட்ட வாசிகசாலையில் ஆற்றிய உரை)



ஆடி மாதத்தில் ஹட்டனில் மழை கொட்டும். பதுளையில் காய்ந்த காற்று வீசும். இடையில் நிற்கும் மலைதான் காரணம். பசிபிக் சமுத்திரத்தில் உள்ள பிஜியிலும் இப்படித்தான். அங்குள்ள பெரிய தீவு வித்திலெவு. தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மழையை நடுவில் உள்ள மலை மறித்துவிடும். சுவா நகரம் இருக்கும் கிழக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீற்றர் மழை. மேற்கே நாந்தி, லவுதோக்கா, பா பக்கம் அதைவிட மிகக் குறைவு. கரும்பு வளர மழை வேண்டும். சீனி ஏற வெயில் வேண்டும். சி.எஸ்.ஆர். என்ற அவுஸ்திரேலியக் கம்பனி 1882இல் ஈரமான கிழக்கில், நவுசோரியில் ஆலை தொடங்கியது. 1959இல் அது மூடப்பட்டது. கரும்பு மேற்கில்தான் நிலைத்தது.

எங்கே எதைப் பயிரிடலாம் என்பதை மலையும் காற்றும் தீர்மானித்தன. காணி யாருக்கு என்பதைத் தீர்மானித்தது வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்.

1874இல் பிஜி பிரித்தானியர் கைக்குப் போனது. ஆளுநராக வந்தவர் ஆதர் கோர்டன். இவரே பின்னர் 1883 முதல் 1890 வரை இலங்கையிலும் ஆளுநராக இருந்தார். பிஜி மக்களின் காணி கைமாறாமல் காத்தார். அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுப்பதையும் கட்டுப்படுத்தினார். அது நல்லதுதான். ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000 பேருக்கு மேல் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. அதில் தமிழரும் தெலுங்கரும் போனார்கள். அவர்களுக்கும் லயம்தான். அங்கே நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியாரும் பாடியிருக்கிறார்.

ஒப்பந்த முறை ஒழிந்தபின் கம்பனி தன் தோட்டங்களைச் சுமார் 10 ஏக்கர் துண்டுகளாகக் குத்தகைக்கு விட்டது. பிஜி மக்களின் காணியிலும் குத்தகைதான் கிடைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 30 வருடம் தந்தது. 1997 முதல் அந்தத் தவணைகள் முடியத் தொடங்கின. பல குத்தகைகள் புதுப்பிக்கப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட குடும்பங்கள் வீட்டையும் கரும்பையும் விட்டு வெளியேறின.

இதற்காகப் பிஜி மக்களைக் குறை சொல்லக்கூடாது. அவர்கள் கேட்டது பாட்டன் காணி. இவர்கள் கேட்டது உழைத்த காணி. ஏழைகள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது பழைய காலனி ஏற்பாடு. சீனியில் இலாபம் பார்த்த கம்பனியோ 1973இலேயே கிளம்பிவிட்டது.

உழைத்தோம், ஆகவே காணி நமக்குத்தான் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. அது எழுத்தில் இருக்க வேண்டும். ஏழு பேர்ச்சஸ் என்று சொல்லி யாராவது கடதாசி நீட்டினால் கேளுங்கள்: இது உறுதியா, குத்தகையா? எத்தனை வருடம்? மனைவியின் பெயரும் இருக்கிறதா? பிள்ளைகளுக்குப் போகுமா? கையெழுத்து வைக்கும் முன் தோட்டத் தலைவரிடமோ என்னிடமோ கொண்டுவாருங்கள். சேர்ந்திருந்து வாசிப்போம்.