கட்டணம் கூடும்போது கணக்கையும் கேட்போம்

(தோட்டத்துச் சனசமூக மண்டபத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் எமது சேமநல உத்தியோகத்தர் பேசியது)



ஞாயிற்றுக்கிழமை என்றால் விறகு, துணி, சந்தை என்று உங்களுக்கு ஆயிரம் வேலை. அதையெல்லாம் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

போன கிழமை மேல்கணக்கு புது வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி ஆபீசுக்கு வந்தார். வீட்டு மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது. பிரதேச சபைக்குப் போய் குழி இறைக்கிற பவுசர் கேட்டிருக்கிறார். கட்டணம் கூடிவிட்டது என்று சொல்லி, புதுத் தொகையைத் துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "ஐயா, மூணு நாள் பேர் போட்ட காசும் இதுக்குக் காணாது" என்று கண் கலங்கிச் சொன்னார்.

அன்று மாலை லயத்தில் ஒருவர் சொன்ன யோசனையும் எங்கள் காதுக்கு வந்தது. "காசு எதுக்கு? ராத்திரியில குழியை உடைச்சுக் கானுக்கு விட்டா முடிஞ்சுது." அந்தக் கான் எங்கே போகிறது? கீழ்க்கணக்கு ஓடைக்குப் போகிறது. அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழ்க்கணக்குப் பீலிக்கு வருகிறது. பிள்ளைக் காம்பராவுக்கும் அதே தண்ணீர்தான். மேலே ஒரு வீடு காசை மிச்சம் பிடித்தால் கீழே நாற்பது பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். சபைக் கட்டணம் சின்ன விஷயமில்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

முதலில் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். சபையிடம் பவுசர் கேட்கும் நிலைமையே நமக்குப் புதிது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டியே தோட்டத்துக்குச் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று சொல்லி வந்தார்கள். வோட்டு மட்டும் நம்முடையது, ரோட்டு நம்முடையதில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருசம் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. முப்பது வருசத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த உரிமை இது. "கட்டணம் அதிகம், சபையே வேணாம்" என்று சொன்னால், கிடைத்ததை நாமே திருப்பிக் கொடுப்பதாகிவிடும்.

சபைக்கும் செலவு கூடியது பொய்யில்லை. 2021 முடிவில் டீசல் லீட்டர் 121 ரூபாய். 2022 ஜூன் முடிவில் அது 460 ரூபாய். மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் கூடியது. பவுசருக்கு டயர் வேண்டும், பம்புக்குச் சாமான் வேண்டும். பழைய கட்டணத்திலேயே ஓட்டினால் ஒரு நாள் பவுசர் பழுதாகிச் சபை வளவில் நிற்கும். அப்போது காசு இருந்தாலும் வேலை நடக்காது. இதை நாம் நியாயமாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அடுத்த பக்கமும் இருக்கிறது. 460க்குப் போன டீசல் பிறகு இறங்கியது. மின்சாரக் கட்டணத்தையும் 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், பிறகு ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். செலவு ஏறும்போது ஏறிய கட்டணம், செலவு இறங்கும்போது இறங்கியதா? இப்போது கூட்டியது எந்தக் கணக்கை வைத்து? இதைக் கேட்பது சண்டையில்லை. காசு கட்டுகிறவரின் உரிமை.

நம்ம மரண சகாயச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வருசத்துக்கு முன்பு பெட்டி விலை ஏறிவிட்டது என்று மாதச் சந்தாவைக் கூட்டினோம். கணக்கு வாசிக்காமலே கூட்டினோம். என்ன நடந்தது? பாதிப் பேர் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். "சல்லி எங்க போகுது?" என்று பீலியடியில் பேச்சு. அடுத்த கூட்டத்தில் பெட்டிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, வாகனத்துக்கு இவ்வளவு என்று வாசித்தோம். எழுந்து நின்று திட்டிய ஒரு தாத்தாதான் முதலில் காசு கட்டினார். தப்பு எங்களுடையது. கூட்டியது தப்பில்லை, கணக்கைச் சொல்லாமல் கூட்டியதுதான் தப்பு. நமக்குப் பொருந்தும் நியாயம் சபைக்கும் பொருந்தும்.

அப்படியானால் என்ன கேட்பது?

முதலாவது, ஒரு நடைக்கு உண்மையான செலவு என்ன? டீசல் எவ்வளவு, சாரதிக்கும் உதவியாளுக்கும் எவ்வளவு, பழுது பார்க்க எவ்வளவு, கழிவைக் கொண்டுபோய்க் கொட்ட எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். "சம்பளம் கூடிவிட்டது" என்று பொதுவாகச் சொல்வார்கள். சபையின் நிரந்தர ஊழியர் சம்பளத்துக்கு அரசாங்கப் பணம் மாகாணத்தின் வழியாக வருகிறது. அது போக, சபை தன் கையிலிருந்து கொடுப்பது எவ்வளவு என்று கேட்கலாம்.

இரண்டாவது, தூரம். டவுன் வீட்டுக்குப் பவுசர் இரண்டு கிலோமீற்றர் போகும். நமக்குப் பதினைந்து, இருபது. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று போட்டால் தோட்டத்துக் குடும்பந்தான் கூடக் கட்டும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரே வரிசையில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் பதிந்தால் வழிச்செலவைப் பகிரலாம். தோட்டத்துக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படியும் கேட்கலாம்.

மூன்றாவது, முடியாதவர்கள். தனியாக இருக்கும் விதவைத் தாய், வேலை விட்ட வயோதிபர், அங்கவீனர், இவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா? இல்லையென்றால் வைக்கச் சொல்ல வேண்டும்.

நாலாவது, கூட்டிய காசுக்கு வேலை நடக்குமா? பதிந்து எத்தனை நாளில் பவுசர் வரும் என்று எழுதித் தரட்டும்.

எங்கே கேட்பது? நாம் வோட்டுப் போட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் நம் வாசலுக்கு வந்தவர்கள்தான். அடுத்த வருசத்து வரவு செலவுத் திட்டத்தைச் சபை நிறைவேற்றுவதற்கு முன்னால் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். கட்டணம் எல்லாம் அதில்தான் கணக்கிடப்படும். அப்போதே போய்ப் பார்த்தால் பேச இடமுண்டு. எல்லாம் முடிந்தபின் கவுன்டரில் நிற்கும் கிளார்க்கை ஏசிப் பயனில்லை. அவர் துண்டு எழுதுகிறவர்தான்.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கடிதம் எழுத எங்கள் ஆபீசுக்கு வாருங்கள், கூட இருந்து எழுதித் தருவோம். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று. பவுசருக்குக் கட்டும் காசுக்கும் சபையின் ரசீது கட்டாயம் வாங்குங்கள். சாரதி கையில் காசைக் கொடுத்தால் அது சபைக் கணக்கில் ஏறாது. நாளைக்கு "தோட்டத்திலிருந்து வருமானமில்லை" என்றுதான் புத்தகம் சொல்லும்.

கடைசியாக, அந்தத் தங்கச்சி வீட்டு விஷயம். பக்கத்து வீடுகளோடு பேசினோம். அதே வரிசையில் இன்னும் மூன்று குழி நிரம்பும் நிலையில் இருக்கிறது. நாலு வீடும் சேர்ந்து பதிய முடிவாகியிருக்கிறது. கட்டணக் கணக்குக் கேட்டு ஒரு கடிதமும் தயார். அதில் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைத்தாலும் அது கையெழுத்துத்தான்.

பவுசர் வரும்வரை கானை யாரும் திறக்க வேண்டாம். கீழே குடிப்பதும் நம்ம பிள்ளைகள்தான்.