வெள்ளம் வடிந்தபின் நிலத்தை அளத்தல்



காட்டுப்பள்ளி ஒரு மணற்றிட்டு. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே பழவேற்காட்டு ஏரி. தெற்கே, கொசத்தலை என மக்கள் வழங்கும் கொற்றலையாறு கடல்புகும் எண்ணூர்க் கழிமுகம். 2015-இலும் 2023-இலும் திசம்பர்த் திங்களில் பெருவெள்ளம் இவ்வழியே கடலுக்குப் பாய்ந்தது.

கரை எங்கே அரிக்கப்பட்டது, மணல் எங்கே மேடிட்டது என்பதைக் கண்ணளவால் சொன்னால் அலுவலகங்கள் ஏற்பதில்லை. இங்கேதான் ஆளில்லா வானூர்தி உதவுகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அது எடுக்கும் படங்களைக் கணிப்பொறி பொருத்தி, நிலத்தின் மேடுபள்ளங்களை உருவாக்கிக் காட்டும். தரையில் உயரம் அளந்து நட்ட குறிகளோடு ஒத்துப் பார்த்தாலன்றி அது நம்பத்தக்கதன்று. வெள்ளத்திற்கு முன்னைய உருவைப் பின்னைய உருவிலிருந்து கழித்தால், அரிப்பும் படிவும் பருமனளவில் கிடைக்கும். முன்னளவு இல்லையேல் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. பேரிடர் வந்தபின் கருவி தேடி ஓடுவதோ ஆட்சியாளர்க்குப் பழக்கம்!

ஆனால், கலங்கிய நீரின் அடி வான்படத்தில் தெரியாது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழி தூர்ந்துவிட்டது என்பதே எண்ணூர் மீனவரின் நெடுநாள் முறையீடு. அவ்வாழத்தை ஒலியலைக் கருவி பூட்டிய படகே அளக்கவல்லது. முன்பு எவ்விடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது என்பதைத் துடுப்புப் பிடித்தவர் அறிவர். அவரையும் அளவைக் குழுவில் அமர்த்துதல் வேண்டும். அளந்த படங்களும் காட்டுப்பள்ளிக் குப்பத்தார் படித்தறியுமாறு தமிழ்க் குறிப்புகளுடன் வெளிவருதல் வேண்டும்.