காதிலே விழுந்த கதை



நாவலின் சுவை படிப்பதிலா, கேட்பதிலா? எதிரணித் தலைவர் சொன்னார், ஒலிநூலைப் போட்டாத் தூக்கம் வருதுன்னு. ஐயா, புத்தகத்தை மூஞ்சியிலே கவுத்துக்கிட்டுக் குறட்டை விடுறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். கேட்டுக்கிட்டே தூங்கினா மூக்குக்கண்ணாடியாவது தப்பிக்கும்! (சிரிப்பு)

மர்மக் கதை படிக்கிறவர் என்ன பண்றார்? பாதியிலே பொறுமை போயி, கடைசிப் பக்கத்தைப் புரட்டிடறார். எங்க வீட்டிலேயும் அப்படி ஒருத்தர் இருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன், ராத்திரி சாப்பாடு வேணும். (சிரிப்பு)

1935-லே பிரிட்டனிலே பார்வையற்றோருக்காகப் பேசும் நூல்கள் வந்தன. முதல் உலகப் போரிலே கண்ணை இழந்த சிப்பாய்களை மனசிலே வச்சு ஆரம்பிச்ச காரியம் அது. முதல்லே இசைத்தட்டுக்கு வந்த நூல்களிலே ஒண்ணு, அகதா கிறிஸ்டி எழுதின ரோஜர் அக்ராய்டு கொலைக் கதை! கண் போனவனுக்கும் 'கொன்னது யாரு'ங்கிற தவிப்பு வேணும்னு நினைச்சாங்க பாருங்க, அங்கேதான் நிக்கிறாங்க.

அந்தத் தவிப்போட எங்க அம்மா அறுபது வருஷத்துக்கு மேலே இருந்தாங்க, ஐயா.

அம்மாவுக்கு ஊரு காட்டுமன்னார்கோயில் பக்கம். படிக்கத் தெரியாது. 1950-லே கல்கியிலே பொன்னியின் செல்வன் ஆரம்பிச்சப்போ அவங்களுக்குப் பத்து வயசு. பக்கத்து வீட்டு அக்கா திண்ணையிலே உட்கார்ந்து வாரா வாரம் படிப்பாங்களாம். தெருவே சுத்தி உட்கார்ந்து கேட்குமாம். வந்தியத்தேவன் குதிரையிலே வர்ற வீரநாராயண ஏரி அவங்க ஏரி. ஆதித்த கரிகாலன் விருந்துக்கு வர்ற கடம்பூர் அவங்க பக்கத்து ஊரு. மணிமகுடம் பாகம் ஓடிக்கிட்டிருக்கு, கரிகாலன் கடம்பூருக்கு வந்தாச்சு. அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு! மாட்டுவண்டி ஏறிப் போயிட்டாங்க. கதையும் வண்டியோட போச்சு.

இப்போ வெட்கத்தோட ஒண்ணு சொல்றேன். நான் கல்லூரியிலே படிக்கும்போதே அஞ்சு பாகத்தையும் படிச்சவன். அதே வீட்டிலே, அதே கூடத்திலே. அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க, "அந்தக் கரிகாலன் என்னடா ஆனான்?"னு. "செத்துட்டாம்மா"ன்னுட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அம்புட்டுத்தான். வாசிக்கிறவன் தனியா ஒரு ஊருக்குப் போயிடறான், நடுவர் அவர்களே. பக்கத்திலே இருக்கிறவங்களுக்கு அங்கே இடமில்லே.

2018-லே பேரன் அவன் கைப்பேசியிலே பொன்னியின் செல்வன் ஒலிநூலைப் போட்டான். சாயங்காலம் விளக்கு வச்சதும் கேட்க உட்காருவோம். முதல்லே அம்மா மட்டும். அப்புறம் என் மனைவி, பேரன், கடைசியா நான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அம்மா ஒரு முகத்தை வச்சிருந்தாங்க, எல்லாம் ஊர்க்காரங்க முகம். ரவிதாசன் பேச்சு வந்தா, "வந்துட்டான் பாவி"ம்பாங்க.

கடம்பூர் மாளிகை வந்துச்சு. விளக்கு அணைஞ்சு போகுது. இருட்டு. அந்த இடத்தைப் புத்தகத்திலே படிச்சப்போ எனக்கு இருட்டே இல்லே, தலைக்கு மேலே டியூப் லைட்டு! அன்னிக்குக் கண்ணுக்கு வேலையில்லே, வெறும் குரல். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அம்மா கடைசியா எப்போ என் கையைப் பிடிச்சாங்கன்னு யோசிச்சேன், ஞாபகம் வரலே.

(கைதட்டல்)

"யாருடா குத்தினது?"ன்னாங்க. "கேளும்மா"ன்னேன். வாரக் கணக்கிலே கேட்டாங்க. பெரிய பழுவேட்டரையர் 'நான்தான்'ங்கறார். ஆனா கல்கி சந்தேகத்தை முழுசாத் தீர்க்கலியே! கதை முடிஞ்சதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏண்டா, இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன், இந்த மனுஷன் சொல்லவே இல்லியேடா!"ன்னாங்க. (சிரிப்பு)

பேரன் விட்டானா? "பாட்டி, உங்க ஊரு உடையார்குடிக் கோயில் கல்வெட்டிலேயே ரவிதாசன் பேரு இருக்கு"ன்னான். அம்மா கேட்டாங்க, "பேரு இருக்கு சரி. கத்தி யாரு கையிலே இருந்துச்சுன்னு இருக்கா?"

அன்னியிலேருந்து சாப்பாட்டு நேரத்திலே எங்க வீட்டிலே இதே வழக்குதான். நந்தினி பண்ணியிருக்க மாட்டாள்னு அம்மா, ரவிதாசன்தான்னு பேரன், நான் பழுவேட்டரையர் கட்சி. நடுவர் அவர்களே, நீங்க இன்னிக்குத் தீர்ப்புச் சொல்லிட்டுக் கிளம்பிடுவீங்க. எனக்கு இன்னும் வீட்டிலே வாதாட வேண்டியிருக்கு.