இரண்டு ஊருக்கும் ஓர் ஆறு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் மொழியின் சிறப்பையும் இலக்கியத்தின் இனிமையையும் கேட்டு மகிழ்கின்றோம். இவ்வாண்டு ஆற்றைப் பற்றிப் பேசுக என்று விழாக் குழுவினர் பணித்தபோது நாம் சற்றே திகைத்தோம். மதுரைக்கு வையை உண்டு. திருச்சிக்குக் காவிரி உண்டு. நெல்லைக்குப் பொருநை உண்டு. பெங்களூருக்கு எந்த ஆறு? நம் வீட்டுக் குழாயில் வரும் காவிரிநீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டை நோக்கி எந்திரங்களால் ஏற்றிக் கொணரப்படுவது. 1974 முதல் அப்படித்தான் வருகின்றது. எனவே, ஆறில்லாத ஊரில் ஆற்றைப் பற்றிப் பேசுவது எவ்வாறு என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறு என்பதைச் சென்ற கார்த்திகைத் திங்களில் நாம் சென்று வந்த ஓர் உலா உணர்த்திற்று.

நம் சங்கக் குடும்பங்கள் சில, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டு நந்தி மலைக்குச் சென்றோம். கடல்மட்டத்துக்கு மேல் 1,478 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியில் மேகம் நம் காலடியில் தவழ்ந்தது. மூடுபனி விலக விலக, கீழே சதுரம் சதுரமாகத் திராட்சைப் பந்தல்கள், மல்பெரித் தோட்டங்கள், தக்காளி வயல்கள், பூந்தோட்டங்கள், இடையிடையே வெள்ளித் தட்டுகள் போன்ற ஏரிகள் யாவும் ஒவ்வொன்றாய்த் தோன்றின. நாள்தோறும் அடுக்குமாடிகளையே கண்டு சலித்த நம் சிறுவர்கள் வாய்மூடி நின்றார்கள். அஃது ஒன்றே அவ்வுலாவின் வெற்றி எனலாம். பின்னர் அடிவாரத்தில் போகநந்தீசுவரர் திருக்கோயிலைக் கண்டோம். அங்குள்ள திருக்குளம் தென்பினாகினியின் தோற்றுவாயாகப் போற்றப்படுகின்றது. தென்பினாகினி என்று கன்னட மக்கள் வழங்கும் அவ்வாறே, நம் தென்பெண்ணை!

அன்பர்களே, இந்த அவையில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்து வந்தோர் எத்தனை பேர் இருக்கின்றீர்கள்! தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவை மறக்க இயலுமா? மணலூர்ப்பேட்டைக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள, மணற்பரப்பெல்லாம் மக்கள் வெள்ளமாய் நிற்கும் காட்சியைக் கண்டவர் பலர் இங்குண்டு. அந்த ஆறு, பிழைப்புத் தேடி வந்த நம் ஊரின் வடபுறத்தில் பிறந்து, ஓசகோட்டை வழியாக இறங்கி, ஓசூர் எல்லையைக் கடந்து நம் பிறந்த மண்ணுக்குச் செல்கின்றது. பிழைக்க வந்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் ஆறு ஒன்றுதான்.

இனி, அன்று நடந்ததைச் சொல்லுகின்றோம். நண்பகலில் ஓர் ஏரியின் கலிங்கலை அடுத்த புல்வெளியில் அமர்ந்து, புளியோதரையும் தயிர்ச்சோறும் இலையில் பரிமாறத் தொடங்கினோம். சிறுவர்கள் ஓடையை நோக்கி ஓடினார்கள். ஒரு பெண் குழந்தை முழங்கால் அளவு நீரில் இறங்கியும் விட்டாள். அப்பொழுது அருகிருந்த தக்காளித் தோட்டத்திலிருந்து உழவர் குலத்து அம்மையார் ஒருவர் கைகளை வீசிக்கொண்டு ஓடிவந்தார். பாதி கன்னடமும் பாதி தெலுங்குமாக, "குழந்தையை வெளியே எடுங்கள்! காலையில்தான் மருந்து அடித்தோம், பம்பை இந்த நீரில்தான் கழுவினோம்" என்றார். குழந்தையைத் தூக்கித் தம் குடத்து நீரால் கால்களைக் கழுவிவிட்டவரும் அவரே. அதன் பின்னரே நாம் ஓடையை உற்று நோக்கினோம். நீரின்மேல் பச்சைப் பாசி போர்வைபோல் படர்ந்திருந்தது. கரையோரம் மருந்துப் புட்டிகள் கிடந்தன. மலையுச்சியிலிருந்து வெள்ளித் தட்டாகத் தோன்றியது, அருகில் வந்தபோது அவ்வாறு இல்லை.

நம்மவருள் ஒருவர் சினங்கொண்டு, "தெரிந்தே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டார். அம்மையார் சினக்கவில்லை. "ஐயா, புழு துளைத்த தக்காளியை உங்கள் ஊர்ச் சந்தையில் யாராவது வாங்குவார்களா? புள்ளி விழுந்த கூடையைத் தரகர் திருப்பி அனுப்புகிறார். வண்டிக் கூலி எங்கள் தலையில் விழுகிறது" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கும் கைகள் நம் கைகளே அன்றோ?

ஆற்றில் நடப்பது யாது என்று சிறிது விளக்குவோம். பயிர் செழிக்க யூரியா இடுகின்றோம். அதில் 46 விழுக்காடு தழைச்சத்து. இட்டதெல்லாம் பயிருக்குச் சேர்வதில்லை. எஞ்சியது நைட்ரேட்டாக மாறி நீரில் கரைந்து, கிணற்றுக்கும் ஓடைக்கும் இறங்குகின்றது. மணிச்சத்து, மழையில் அரிக்கப்படும் மண்ணோடு சேர்ந்து செல்கின்றது. நிலத்தில் நெல்லை வளர்க்கும் சத்து, நீரில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கின்றது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் மடிகின்றன. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர அளவு. அதனை மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, உடல் நீலம் பாய்வதுண்டு. தாய்மார்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: காய்ச்சுவதால் நைட்ரேட் நீங்காது, நீர் சுண்டச் சுண்ட அது செறிவதே உண்மை. பூச்சி மருந்தின் கேட்டையும் நம் அண்டை நிலங்கள் அறியும். முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளித்த எண்டோசல்பானால் காசர்கோட்டிலும் தென்கன்னடத்திலும் மக்கள் உற்ற துயரம் நாடறிந்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதனைத் தடை செய்தது.

ஆனால், உழவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே நம் நகரத்தின் கழிவுநீர் இதே தென்பெண்ணையில் கலக்கின்றது. பெல்லந்தூர் ஏரியின்மேல் 2015-இலும் 2017-இலும் தீப்பற்றி எரிந்ததை நாம் கண்டோம். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் எழுவதைச் செய்தித்தாள்களில் பார்க்கின்றோம். உழவர் சேர்ப்பது ஒரு பங்கு. நாம் சேர்ப்பது பெரும்பங்கு. இரண்டும் சேர்ந்தே கீழே செல்கின்றன. காமராசர் முதலமைச்சராயிருந்த 1950-களில் எழுந்த கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் தேக்கி வைப்பது இந்த நீரைத்தான். நம் அண்ணன் வயலுக்கும் அத்தை வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேருவதும் இதுவே.

இதற்குத் தீர்வு உண்டா எனின், உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் பெரும்பாலும் தொலைவிலுள்ள மலைப்பகுதிகளிலிருந்து வருகின்றது. 1990-களில் அந்நகரத்தார் முன் ஒரு கேள்வி எழுந்தது: பெரும்பொருள் செலவிட்டு வடிகட்டும் நிலையம் கட்டுவதா, மலைப்பகுதி மக்களோடு கைகோத்து நீரைத் தோற்றுவாயிலேயே தூய்மையாகக் காப்பதா? அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். 1997-இல் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. தொழுவக் கழிவு ஓடையில் சேராமல் தடுக்கவும், ஓடைக்கரையில் மரமும் புல்லும் வளர்க்கவும் உழவர்க்கு நகரமே பொருள் தந்தது. உழவரைக் கடியாமல் துணை நின்றதால் நகரம் நல்ல நீர் பெற்றது.

நம் பக்கத்திலும் வழிகாட்டிகள் உண்டு. தொட்டபள்ளாபுரம் வட்டாரத்தில் இயற்கை வேளாண்மை செய்து, 2019-இல் மறைந்த நாராயண ரெட்டி, எருவும் தழையும் கொண்டே நிலத்தை வளமாக்கிக் காட்டினார். நம் தமிழகத்தில் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து அதனையே எடுத்துரைத்து, 2013-இல் மறைந்தார். பெங்களூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் நடத்தும் உழவர் திருவிழாவுக்குச் சென்றால், மண் பரிசோதனை செய்து தேவையான அளவே உரமிடல், ஒரே முறையில் கொட்டாமல் பிரித்திடல், சொட்டுநீர்ப் பாசனம் ஆகியவற்றை நேரில் காணலாம். ஓடைக்கரையில் வெட்டிவேரும் புங்கையும் ஒரு பட்டையாக வளர்ப்பின், மண்ணும் உரமும் நீரில் இறங்குமுன் தடுக்கப்படும். மல்பெரி பயிரிடுவோர் இதில் தனி எச்சரிக்கையோடு இருப்பர். அண்டை வயலின் மருந்து காற்றில் வந்து இலையில் படிந்தால் பட்டுப்புழு மடிந்துவிடும் என்பதை அவர் அறிவர்.

நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, சிறிது புள்ளி விழுந்த காயைத் தள்ளாமல் வாங்குவோம். மருந்தின்றி விளைவித்தவர்க்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதிருப்போம். இரண்டாவது, வீட்டுக் குப்பையில் காய்கறிக் கழிவைத் தனியே பிரிப்போம். கண்ணாடியும் நெகிழியும் கலந்த எருவை எந்த உழவர் நிலத்தில் இடுவார்? தூய்மையாகப் பிரித்தால் நம் அடுக்களைக் கழிவு நல்லுரமாகி, யூரியா மூட்டையைக் குறைக்கும். மூன்றாவது, நாட்டுப்புறத்துக்கு உலாச் செல்லும்போது விருந்தினராகவே நடந்துகொள்வோம்: வரப்பை மிதித்துச் சிதைக்காமல், ஓடையில் வண்டி கழுவாமல், சவர்க்காரம் கலக்காமல், கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம். நான்காவது, குழந்தைகளை அடிக்கடி அழைத்துச் செல்வோம். கண்ணால் கண்டு மகிழாத ஆற்றைக் காக்க எவருக்கும் மனம் வராது.

அன்று மாலை விடைபெறும்போது அந்த அம்மையாரிடம் தக்காளி ஒரு கூடை வாங்கினோம். புள்ளி விழுந்தவற்றை அவர் ஒதுக்க முற்பட்டார். அவற்றையும் சேர்த்தே தருமாறு கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கை கூடுதலாக அள்ளிப் போட்டார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். முன்பின் அறியாத நம் குழந்தையின் காலைக் கழுவிவிட்டார் அவர். அவருடைய ஓடையை நாம் காத்தால், தை ஐந்தாம் நாள் மணலூர்ப்பேட்டையில் நீராடும் நம் உற்றார் தூய நீரில் நீராடுவர்.