எதிர்நிறைக் கவண்பொறி



பீரங்கி தோன்றிப் பெருகுமுன் கோட்டை மதில்களை இடித்த பொறிகளுள் தலைசிறந்த ஒன்றைப் பற்றி இன்று உங்களுடன் பேச விழைகின்றேன். பிரெஞ்சு மொழியில் அதனைத் திரெபூஷே என்பர். தமிழில் எதிர்நிறைக் கவண்பொறி என நாம் அழைக்கலாம். அது எவ்வாறு இயங்கிற்று? அதன் சிறிய வடிவமொன்றைப் பாடசாலையில் அமைப்பது எங்ஙனம்? போர்க்கருவி ஒன்றை மாணவர்க்குக் கற்பித்தல் தகுமா? இம்மூன்று வினாக்களையும் முறையே நோக்குவோம்.

இப்பொறியை விளங்கிக்கொள்ள நாம் அறிந்த பொருள்கள் இரண்டே போதும். ஒன்று துலா, மற்றொன்று கவண். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன், யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலாக்கள் நின்றன. ஆடுகாலின்மேல் அச்சுலக்கையிற் பொருத்திய நீண்ட மரம். அதன் முன்நுனியிற் கொடியும் பட்டையும். துலா மிதிப்பவர் மரத்தின்மீது பின்னோக்கி நடக்க, நீர் நிறைந்த பட்டை மேலெழும். கவணோ எளிய கயிறு. நடுவிலே கல்லை வைத்து, இரு தலைப்புகளையும் பற்றிச் சுழற்றி, ஒரு தலைப்பை விட்டால் கல் பறந்து செல்லும்.

துலாவின் முன்நுனியிற் பட்டைக்குப் பதிலாகக் கவணைக் கட்டுங்கள். பின்நுனியில் மனிதருக்குப் பதிலாகப் பல தொன் மண்ணோ, கல்லோ, ஈயமோ நிறைந்த பெட்டியைத் தொங்கவிடுங்கள். இப்போது உங்கள் மனக்கண்முன் நிற்பது திரெபூஷேயே ஆகும்.

இதன் இயக்கத்தைச் சிறிது நுணுகி ஆராய்வோம். அச்சானது மரத்தைச் சமமாகப் பிரிப்பதில்லை. பாரம் தொங்கும் புயம் குட்டையானது. கவண் தொங்கும் புயம் அதனிலும் நான்கு அல்லது ஐந்து மடங்கு நீண்டது. நீண்ட புயத்தைக் கீழே இழுத்துப் பூட்டும்போது பாரம் உயரே செல்கின்றது. அதனை உயர்த்த ஆட்கள் சுழல்பொறிகளைச் சுற்றி நெடுநேரம் உழைத்தல் வேண்டும். அவ்வுழைப்பு முழுவதும் உயர்ந்து நிற்கும் பாரத்திலே சேமிக்கப்படுகின்றது. பூட்டை விடுவித்தவுடன் பாரம் வீழ்கின்றது. குட்டைப் புயம் செல்லும் தூரத்தைப் போல நான்கைந்து மடங்கு தூரத்தை நீண்ட புயத்தின் நுனி அதே நேரத்திற் கடந்துவிடுகின்றது. அந்நுனியிற் கட்டிய கவண் தானும் சுழன்று, கல்லின் வேகத்தை மேலும் பெருக்குகின்றது.

கவணின் ஒரு கயிறு மரநுனியோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். மற்றைக் கயிற்றின் முனையில் ஒரு வளையம் உண்டு. அது மரநுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளையிற் கொளுவப்பட்டிருக்கும். கவண் உரிய கோணத்தை அடைந்ததும் வளையம் முளையினின்று தானே வழுவிவிடும். கல் விடுதலை பெறும். பொறி செவ்வையாக அமைந்திருப்பின், கல் பிரியும் அத்தருணத்திற் பெரும்பாரம் ஏறத்தாழ அசைவற்று நிற்பதைக் காணலாம். தன் சக்தியின் பெரும்பகுதியை அது கல்லுக்குக் கொடுத்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இப்பொறியின் மூத்த வடிவம் சீனத்திலே தோன்றியது. அதிற் பாரம் இல்லை. பல ஆட்கள் சேர்ந்து கயிறுகளை இழுத்தனர். ஆட்கள் களைப்பர், ஒருமுறை இழுத்த வலுவோடு மறுமுறை இழுக்கமாட்டார். பாரமோ களைப்பதில்லை. ஒரே உயரத்திலிருந்து வீழ்ந்து, ஒரே நிறையுள்ள கல்லை, ஏறத்தாழ ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வீழ்த்தும். மதிலை இடிப்பதற்கு வேண்டியது இதுவே. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் 12ஆம் நூற்றாண்டில் எதிர்நிறைப் பொறி வழக்கிற்கு வந்தது. அந்நூற்றாண்டிலேயே சலாகுதீனுக்காக அல்தர்சூசி என்னும் அறிஞர் எழுதிய போர்க்கருவி நூல் இதனைப் படத்துடன் விளக்குகின்றது. பின்னர், இஸ்மாயில், அலாவுதீன் என்னும் வினைஞர் இருவர் மேற்கிலிருந்து குப்லாய் கானிடம் சென்று இதனை அமைத்துக் கொடுத்தனர். பல ஆண்டுகள் முற்றுகையைத் தாங்கி நின்ற சீனத்துச் சியாங்யாங் நகரம் 1273ஆம் ஆண்டிற் பணிந்தது.

இனி, சிறிய வடிவத்தை அமைக்கும் முறையைக் கூறுகின்றேன். ஒரு மீற்றர் நீளமான உறுதியான சட்டம் ஒன்றை எடுங்கள். ஒரு முனையிலிருந்து 20 சதமமீற்றர் தொலைவில் துளையிட்டு இரும்புக் கம்பியை அச்சாகச் செலுத்துங்கள். அவ்வச்சைத் தாங்க, 60 சதமமீற்றர் உயரமான இரு கால்களை அகன்ற அடித்தளத்தில் நிறுத்திச் சாய்வுத் தாங்கிகளால் இறுக்குங்கள். கால்களுக்கிடையே 30 சதமமீற்றர் இடைவெளி இருக்கட்டும். குட்டைப் புயத்தில் ஆறு கிலோகிராம் மணல் கொண்ட சிறு பெட்டியை ஊசலாடும்படி தொங்கவிடுங்கள். நீண்ட புயத்தின் நுனியிலே தலை நீக்கிய ஆணியொன்றைச் சிறிது வளைத்துப் பதியுங்கள். கவணின் கயிறுகள் 70 சதமமீற்றர் அளவில் இருக்கட்டும். அதன் பை தடித்த துணியாலானதாக இருக்கட்டும். எறிவதற்கு டெனிஸ் பந்தே தக்கது. அதன் நிறை 60 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எதிர்நிறை எறிபொருளிலும் ஏறத்தாழ நூறு மடங்கு இருத்தல் நல்லது.

நீண்ட புயத்தைத் தரைவரை தாழ்த்தி, ஒரு முளையினாற் பூட்டுங்கள். பந்துடன் கூடிய பையைப் பொறியின் அடியில், அச்சுக்குக் கீழே, வழவழப்பான பலகையின்மீது கிடத்துங்கள். பூட்டுமுளையை நீண்ட கயிற்றினால், பக்கத்தில் ஒதுங்கி நின்று இழுத்தல் வேண்டும். பொறியின் முன்னும் பின்னும் எவரும் நிற்றலாகாது. பந்து பின்னோக்கியும் பறப்பதுண்டு. அவ்வாறு பறப்பின், வளையம் முந்தி வழுவிற்று என்பது பொருள். ஆணியை மேலும் வளைக்க வேண்டும். பந்து முன்னே தரையில் மோதுமாயின் வளையம் பிந்தி வழுவிற்று. ஆணியை நிமிர்த்த வேண்டும். ஒருமுறையில் ஒன்றை மாத்திரம் மாற்றி, விழுந்த தூரத்தை அளந்து எழுதுமாறு மாணவரைப் பணியுங்கள். அறிவியல் முறையின் அரிச்சுவடி இதுவே.

கணக்கும் எளிது. எதிர்நிறை எறிபொருளின் எத்தனை மடங்கோ, அதனைப் பாரம் வீழும் உயரத்தாற் பெருக்கி, மீண்டும் இரண்டாற் பெருக்கினால், சக்தி சிறிதும் வீணாகாத பொறியின் வீச்சு கிடைக்கும். நமது பொறியில் அது நூறு மடங்கு. வீழ்ச்சி 35 சதமமீற்றர். ஆகவே 70 மீற்றர். உண்மையிற் கிடைப்பது இதனினும் மிகக் குறைவாகவே இருக்கும். எஞ்சியது உராய்விலும், மரத்தின் அசைவிலும், காற்றின் தடையிலும் எங்கெங்கே கழிந்தது என மாணவர் ஆராயட்டும்.

மூன்றாவது வினா எஞ்சியுள்ளது. போரின் கொடுமையைக் கண்ட இந்நாட்டிலே, பிள்ளைகளின் கையிற் போர்க்கருவியின் வடிவத்தைக் கொடுக்கலாமா எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. என் விடை இது: கொடுக்கலாம்; ஆயின் அதன் வரலாற்றை மறைக்காது கொடுத்தல் வேண்டும்.

1304ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேட், ஸ்கொத்லாந்தின் ஸ்டேர்லிங் கோட்டையை முற்றுகையிட்டான். எதிர்நிறைக்கு ஈயம் வேண்டி, தேவாலயக் கூரைகளிலிருந்த ஈயத்தைக் கழற்றுவித்தான். பலிபீடத்தின் மேற்பகுதியை மாத்திரம் விட்டுவைக்கக் கட்டளையிட்டான். ஐந்து தலைமைத் தச்சரும் ஏறத்தாழ ஐம்பது வேலையாட்களும் உழைத்து மாபெரும் பொறி ஒன்றை அமைத்தனர். போர் ஓநாய் என அதற்குப் பெயரிட்டனர். அது எறியத் தொடங்குமுன்னரே, கோட்டையின் உள்ளிருந்த சிறு படை சரணடைய முன்வந்தது. மன்னன் இசையவில்லை. பொறியின் வல்லமையைக் காணும்வரை எவரும் வெளியேறலாகாது என்றான். அரசியும் அவள் தோழியரும் முற்றுகையைப் பார்ப்பதற்கென நகரத்து வீடொன்றிற் பலகணியும் அமைக்கப்பட்டிருந்தது. பொறி இயங்கியது; மதில் இடிந்தது. அதன் பின்னரே சரண் ஏற்கப்பட்டது.

துலாவை உயர்த்தும் அதே விதிதான் போர் ஓநாயையும் இயக்கியது. நீர் இறைப்பதா, பணிந்தவரைத் தாக்குவதா என்பதை அவ்விதி தீர்மானிப்பதில்லை. பாடசாலை முற்றத்தில் மாணவன் பூட்டுக்கயிற்றைப் பற்றி நிற்கும்போது ஸ்டேர்லிங் கோட்டையின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அன்று அங்கே கயிற்றை இழுக்காதிருக்கக்கூடியவர் யார் என்று கேளுங்கள். பின்னர், முன்னும் பின்னும் எவரும் இல்லை என்பதை அவனே நோக்கி உறுதிசெய்தபின் இழுக்கட்டும்.