மடுவத்துத் தராசும் முகாமைத்துவப் பாடமும்
(புசல்லாவை ஆய்வரங்கில் நிகழ்த்திய தலைமை உரை)



முகாமைத்துவம் பற்றிய ஆய்வரங்கைக் கொழும்பில் வைக்காமல் புசல்லாவையில் வைப்பது என்ன கணக்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கணக்குத்தான் என்றேன். நூற்றுக்கணக்கான ஆட்களை ஒரே விடியலில் ஓரிடத்தில் நிறுத்தி, யாருக்கு எந்த மலை, யாருக்கு எந்த நிரை என்று பிரித்து, மாலைக்குள் அவர்களின் உழைப்பை இறாத்தலிலும் கிலோவிலும் எழுதி முடிக்கும் வேலை இந்த மலைகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் கூடியது 1854இல். வணிகக் கல்லூரிகள் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே, ஆட்களை விடியலில் நிறுத்தும் பெரட்டுக்களம் இருந்தது.

இந்த ஊருக்கு இன்னொரு உரிமையும் உண்டு. மொரிஸ் வோர்ம்ஸ் என்பவர் சீனத்துத் தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டது 1841இல் என்று தேயிலை வரலாறு சொல்கிறது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிகத்துக்காகப் பயிரிட்டது அதற்குப் பிறகு, 1867இல்தான். அதே 1841இல்தான் இஸ்தான்புல்லில், முகாமைத்துவத் தத்துவங்களை வகுத்த ஹென்றி ஃபயோல் பிறந்தார். வெறும் தற்செயல்தான். ஆனாலும் வணிகக் கல்வி கற்பித்தே வயதைக் கழித்த எனக்கு இந்தத் தற்செயல் பிடித்திருக்கிறது.

ஃபயோலை நம் மாணவர்கள் பதினான்கு தத்துவங்களின் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். வேலைப் பிரிவு, கட்டளை ஒருமை, படிநிலைச் சங்கிலி என்று பரீட்சையில் எழுதி, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள். அந்த மனிதர் பேராசிரியர் அல்லர், சுரங்கப் பொறியியலாளர். 1860இல், பத்தொன்பது வயதில், பிரான்சின் கொமொந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சுரங்கத்துக்குள் ஒரு குதிரைக்குக் கால் முறிந்தது. மாற்றுக் குதிரை கேட்டு அவர் சீட்டு எழுதி அனுப்பினார். பணிப்பாளரின் கையெழுத்து இல்லை என்று லாயக்காரன் கொடுக்க மறுத்தான். பணிப்பாளரோ ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாளும் இல்லை. வேலையை நடத்தும் பொறுப்பு இளைஞர் ஃபயோலின் தலையில். ஒரு குதிரையை எடுக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. பிற்காலத்தில், 1916இல் வெளியிட்ட நூலில், அதிகாரமும் பொறுப்பும் ஒன்றோடொன்று போகவேண்டும் என்று அவர் எழுதியதற்கு இப்படிப்பட்ட நாட்கள்தான் காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

இன்றைய அரங்கில் நான் முன்வைக்க விரும்புவது இந்த ஒரு விடயத்தைத்தான். பெருந்தோட்டத்தின் முகாமைத்துவ வரலாறு முழுவதிலும் பொறுப்பு கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதிகாரம் மேலேயே தங்கிவிட்டது.

கங்காணி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கங்காணி தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆள் கட்டி வந்தார். துரையிடம் முற்பணம் வாங்கினார். வழிச்செலவு, சோறு, துணி என்று எல்லாம் கடனாக எழுதப்பட்டது. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. இன்றைய மொழியில் சொன்னால் ஆட்சேர்ப்பு, மேற்பார்வை, ஊக்கக் கொடுப்பனவு மூன்றும் ஒரே ஆளிடம். துரைக்கு மிக வசதியான ஏற்பாடு அது. ஆள் ஓடிப்போனால் கங்காணியின் பாடு, நோய் வந்தால் ஆளின் பாடு. தோட்டம் மாறவேண்டுமானால் துரை கொடுக்கும் துண்டு வேண்டும். கடனை அடைத்தால் இந்தக் கூட்டத்தை விடுவிப்பேன் என்று எழுதிய காகிதம் அது. வாங்காத கடனுக்கும் பொறுப்பாளி ஆனான் தொழிலாளி. அந்தக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை. துண்டு முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது.

இந்தக் கணக்கேட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வந்தார் என்பது நம் நல்லகாலம். கோ. நடேசய்யரைத் தொழிற்சங்கத் தலைவராக எல்லோருக்கும் தெரியும். அவர் தஞ்சாவூரில் வர்த்தகப் பாடம் கற்பித்தவர் என்பதை வணிகத்துறையார் நாம்தான் அடிக்கடி நினைவுபடுத்தவேண்டும். வெளியார் நுழையமுடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் போய் நிலைமையை அறிந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். ஒரு நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று கற்பித்த ஆள், அந்த நிறுவனத்தின் அடித்தட்டில் நின்று மேலே பார்த்தபோது சங்கம் பிறந்தது. முகாமைத்துவக் கல்வி இந்த நாட்டுக்குத் தந்த பயன்களில் இதற்கு இணையானது இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

1938இல் அமெரிக்காவில் செஸ்டர் பார்னார்ட் என்ற தொலைபேசிக் கம்பனித் தலைவர் ஒரு நூல் எழுதினார். கட்டளையின் அதிகாரம் கட்டளை போடுபவரிடம் இல்லை, அதை ஏற்பவரிடம்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அந்த நூல் வந்த இரண்டாம் ஆண்டு, 1940 ஜனவரியில், இந்த மலைகளுக்கு அப்பால் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். ஏற்கப்படாத கட்டளையைத் துப்பாக்கியால் தாங்கிப்பிடிக்கப் பார்த்தார்கள். அதே ஆண்டு துரைமாரும் சங்கங்களும் உடன்படிக்கைக்கு வரவேண்டியதாயிற்று. பார்னார்டின் நூலை அன்று இந்தப் பக்கத்தில் யாரும் படித்திருக்கமாட்டார்கள். படிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நிலச்சீர்திருத்தத்தையும் 1975ஆம் ஆண்டு அரசுடைமையாக்கலையும் இங்கு நான் நீட்டிப் பேசப்போவதில்லை. துரையின் பங்களாவில் ஆள் மாறினார். பெரட்டு மாறவில்லை. ஆனால் 1992 ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அரசு நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு முகாமைத்துவத்தை மட்டும் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தது. காலம் ஐந்து ஆண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கினால், மண் தேற ஒன்றரை இரண்டு ஆண்டு புல் வளர்க்கவேண்டும். கன்று நட்டு நல்ல கொழுந்து காண மேலும் மூன்று நான்கு ஆண்டு. ஐந்து ஆண்டு ஒப்பந்தக்காரர் எவர் மறுநடுகை செய்வார்? அவர்களைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது. கொடுக்கப்பட்ட காலத்துக்குள் அவர்கள் புத்தியாகத்தான் நடந்தார்கள். 1995இலிருந்து தோட்டக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டு, குத்தகை 53 ஆண்டாக நீண்டபோதுதான் நீண்டகால முதலீடு பற்றிப் பேசவே வழி பிறந்தது. முடிவெடுப்பவருக்கு எவ்வளவு காலம் கொடுக்கிறோம் என்பதும் அதிகாரத்தின் ஒரு பகுதி. நம் பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை.

இனி மடுவத்துக்குப் போவோம். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தோட்டத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நகரத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகைதான் மடுவம். மழை நாளில் இடுப்பில் சுற்றிய படங்கு நனைந்து, கொழுந்துச் சாக்கு முதுகில் கனத்து, வரிசையில் நிற்கிறாள் ஒரு பெண். சாக்கைத் தராசில் போடுகிறாள். எண் வருகிறது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கப்பிள்ளை எழுதுகிறார். நிர்ணயித்த கிலோ வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. வராவிட்டால் அரைப்பேர். அவள் பறித்தது எவ்வளவு என்பதைத் தராசு சொல்கிறது. எவ்வளவு எழுதப்படும் என்பதை வேறொருவர் சொல்கிறார். இலை வளராத வறட்சிக்கும், உரம் போடாத மலைக்கும், கவ்வாத்துத் தள்ளிப்போன செடிக்கும் அவள் பொறுப்பில்லை. பலனை மட்டும் அவள் பேரில் எழுதுகிறோம்.

1911இல் ஃப்ரெட்ரிக் டெய்லர் எழுதிய அறிவியல் முகாமைத்துவம் இந்த மடுவத்தில் உயிரோடு இருக்கிறது. வேலைக்கு அளவு குறி, எட்டினால் கூடுதல் கூலி, எட்டாவிட்டால் குறைவு. ஆனால் டெய்லர் இன்னொன்றும் கேட்டார். அளவு குறிப்பதற்கு முன் கருவியையும் வேலைச் சூழலையும் சீர்செய்வது முகாமையாளரின் கடமை என்றார். முதல் பாதியை வைத்துக்கொண்டோம், இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம். 1975இல் ஸ்டீவன் கேர் என்ற முகாமைத்துவ ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றுக்கு வெகுமதி கொடுத்துவிட்டு வேறொன்றை எதிர்பார்க்கும் மடமை பற்றியது. கிலோவுக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரவில்லையே என்று தொழிற்சாலையில் புலம்புவதற்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபா ஆக்கியது. சங்கங்களுடன் செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகின. உடனே தகராறு எதில் வந்தது? கிலோவில். சம்பளத்தைக் கொழும்பு தீர்மானித்ததும் கிலோவைத் தோட்டம் தீர்மானித்தது. இப்போது வருமானப் பகிர்வு என்ற புதிய ஏற்பாடு பேசப்படுகிறது. சில இடங்களில் நடக்கிறது. குடும்பத்துக்கு இத்தனை செடி, பராமரியுங்கள், கொழுந்தைத் தோட்டத்துக்கே கொடுங்கள் என்கிறார்கள். இந்த நாட்டின் தேயிலையில் எழுபது வீதத்துக்கு மேல் சிற்றுடைமையாளர்களிடமிருந்து வருகிறது என்பதால் இது வெறும் கனவல்ல. நான் இதற்கு எதிரானவனும் அல்லன். ஆனால் சிற்றுடைமையாளர் தன் கொழுந்தை இந்தத் தொழிற்சாலைக்குக் கொடுக்கலாம், அடுத்ததற்கும் கொடுக்கலாம். நிலம் அவர் பேரில். நம் தாய்மாருக்குக் கொடுக்கப்படும் துண்டு நிலத்தில் உரத்தின் விலையை யார் தீர்மானிப்பது, தராசைப் பார்ப்பது யார், நோயுற்ற மாதத்தில் நட்டம் யாருடையது? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இல்லாவிட்டால் வருமானத்தைப் பகிர்ந்தோம் என்று சொல்லிவிட்டு நட்டத்தைப் பகிர்ந்தவர்களாவோம். அப்போது இது துரை இல்லாத கங்காணி முறை.

பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள், மேற்பார்ப்பவர் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் இந்த அரங்கு தாண்டிப் போகக்கூடாது. 1925இல் முகாமைத்துவ அறிஞர் மேரி பார்க்கர் ஃபாலெட் கட்டளையிடுதல் பற்றி ஆற்றிய உரையில், ஆள் ஆளுக்குக் கட்டளையிடவேண்டாம், இருவரும் சேர்ந்து நிலைமையைப் பார்த்து அது கேட்பதைச் செய்யுங்கள் என்ற கருத்தை வைத்தார். எந்தச் செடி எத்தனை நாளில் மறுபடி கொழுந்து விடும் என்று அறிந்த பெண் நிரையில் நிற்கிறார். அவரிடம் கேட்காமல் போடும் பறிப்புச் சுற்று தவறாகும்போது நட்டம் கம்பனிக்கும்தான்.

தலைவராக எனக்கு இன்று ஒரே ஓர் அதிகாரம்தான் இருக்கிறது, நிகழ்ச்சி நிரலை மாற்றும் அதிகாரம். அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன். முதல் அமர்வு கொழுந்து நிறுவை பற்றியது. ஆய்வாளர்கள் கட்டுரை படித்த பிறகு தொழிலாளர் கருத்துச் சொல்வதாக அச்சிட்டிருக்கிறார்கள். அது மாறுகிறது. முதலில் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பேசுவார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம். அதைக் கேட்டபின், தங்கள் கட்டுரையில் எதைத் திருத்தவேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு ஆய்வாளர்கள் தொடங்கட்டும். ஒலிவாங்கியை முன்வரிசைச் சகோதரிகளிடம் கொடுங்கள்.