சொல்தா வாங்கிய சம்பளம்



புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் வழி கேட்டால், "சொல்தா வீட்டைத் தாண்டிப் போங்க" என்று அடையாளம் சொல்லும் பெரியவர்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைத்தான் நம் ஊரில் சொல்தா என்கிறோம்.

அந்த வீடுகளில் பழைய சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கொரு கணக்கு வரும். மூத்தவர் ஆயிரக்கணக்கில் வாங்கினேன் என்பார். அவருக்குப் பின் சேர்ந்தவர் நூற்றுக்கணக்கில்தான் என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். 1960 ஜனவரி 1 அன்று பிரான்ஸ் புது பிராங்கைக் கொண்டுவந்தது. பழைய 100 பிராங்க், புதிய 1 பிராங்க் ஆனது.

இந்தோசீனாவில் சண்டை போட்டவர்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. அங்கே செலாவணி பியாஸ்தர். அரசாங்க மதிப்பில் 1 பியாஸ்தருக்கு 17 பிராங்க். வெளிச்சந்தையிலோ ஏறத்தாழ பாதிதான். ஆகவே பணத்தைச் சைகோனில் செலவழித்தவரைவிட, அரசாங்க விகிதத்தில் அனுப்ப முடிந்தவர் கெட்டிக்காரர். 1953 மே மாதம் அந்த மதிப்பை 10 பிராங்காகக் குறைத்தார்கள். அதோடு அந்த லாபம் போயிற்று.

சம்பளத்தைவிட நம் கிராமங்களைத் தூக்கி நிறுத்தியது பென்ஷன். அதிகாரியல்லாத வீரருக்கு அப்போது பதினைந்து வருடச் சேவை போதுமானதாக இருந்தது. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் முப்பத்துமூன்றில் பென்ஷனோடு ஊர் திரும்ப முடிந்தது. அவர் காலமான பிறகு மனைவிக்குப் பாதி. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதற்குச் சான்று மட்டும் கொடுக்க வேண்டும்.

1966 ஜூன் 6 அன்று இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஏறியது. அதுவரை 1 ரூபாய்கூடப் பெறாத பிராங்க், ஒன்றரை ரூபாய் ஆகிவிட்டது. ஊரெல்லாம் விலைவாசியைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சொல்தா வீட்டில் மட்டும் வரவு பாதிக்கு மேல் கூடியது. பாரிஸில் யாரும் பென்ஷனை உயர்த்தவில்லை. டில்லியில் ரூபாய் இறங்கியது, அவ்வளவுதான்.

பென்ஷன் விஷயத்தில் நாணயத்தைப் போலவே குடியுரிமையும் முக்கியம். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் இந்தியர். பட்டணத்தில் இருந்தவருக்குச் சேதி காதில் விழுந்திருக்கும். ஏரிக்கரையில் ஏர் ஓட்டியவருக்கு விழுந்ததா என்பது வேறு கதை.

அந்தக் குடியுரிமைக்கு என்ன விலை என்பதை ஆப்பிரிக்க வீரர்களின் வழக்கு காட்டியது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, விடுதலை பெற்ற நாடுகளின் குடிகளாகிவிட்ட பழைய வீரர்களின் பென்ஷனை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்தது. ஒரே போர்க்களம், ஒரே பதவி, ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு ஒரு தொகை, செனகல்காரருக்கு வேறு தொகை. 2010 மே 28 அன்று பிரெஞ்சு அரசமைப்பு மன்றம் இந்தப் பாகுபாடு செல்லாது என்றது. அதற்குள் ஐம்பது வருடம் ஓடிவிட்டது. பலர் மண்ணோடு மண்ணாகியிருந்தார்கள்.

இதே கிராமங்களில் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு காத்திருப்பு இருந்தது. எப்போது ஓய்வு பெற்றாலும், ஒரே பதவிக்கும் ஒரே சேவைக் காலத்துக்கும் ஒரே பென்ஷன் என்ற கோரிக்கை 2014 ஜூலை 1 முதல்தான் கணக்குக்கு வந்தது.

ஆக, "அந்தக் காலத்தில் எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வருடம், எந்த நாணயம், எந்தக் குடியுரிமை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பட்டாளப் புத்தகமோ பென்ஷன் தாளோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பாட்டி இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.